செவரன்ஸ் சீசன் 2 கடைசி எபிசோட்: என்கிட்ட எல்லாரும் கேக்குற கேள்விகள்

முதல்லயே சொல்லிடுறேன், இந்த அமெரிக்க சீரியலோட கதை மொத்தத்தையும் இதுல போட்டு உடைச்சிருக்கேன், பாக்காதவங்க இப்பவே கெளம்பிடுங்க. ஆபீஸ் கேன்டீன்ல, அக்கா போன்ல, குரோம்பேட்டை சித்தி வீட்டு வளைகாப்புல கூட இதே கேள்விகள மாத்தி மாத்தி கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கும் முதல்லருந்து சொல்லி வாய் வலிக்குது, அதான் ஒரே எடத்துல எழுதி வெச்சுட்டேன்.

கதையே தெரியாது, சுருக்கமா சொல்லேன்?

லூமன்னு ஒரு கம்பெனி. அங்க சில பேருக்கு மண்டைக்குள்ள ஒரு சிப் வெச்சிருப்பாங்க. காலைல லிஃப்ட்ல கீழ எறங்கினா வெளி வாழ்க்கை மொத்தமா மறந்துடும், சாயங்காலம் மேல ஏறினா ஆபீஸ் மறந்துடும். ஒரே உடம்பு, ஆனா உள்ள ஒருத்தன் வெளிய ஒருத்தன். உள்ள இருக்குறவன் பேரு இன்னி, வெளிய இருக்குறவன் அவுட்டி. இன்னின்னு தமிழ்ல எழுதிப் பாத்தா இன்னிக்கிங்குறத பாதில விட்ட மாதிரி இருக்கு, ஒரு வகைல அது ரொம்ப சரி, அவங்களுக்கு வீடும் கிடையாது தூக்கமும் கிடையாது, லிஃப்ட் மூடித் தொறந்தா மறுபடியும் ஆபீஸ், அதனால நேத்துன்னும் இல்ல நாளைன்னும் இல்ல, இன்னி மட்டும்தான்.

மார்க்னு ஒருத்தன், பொண்டாட்டி ஜெம்மா கார் ஆக்சிடென்ட்ல போயிட்டாள்னு நம்பி, தெனம் எட்டு மணி நேரமாவது அந்தத் துக்கம் இல்லாம இருப்போம்னு இத பண்ணிக்கிட்டவன். அவ சாகல, அதே கம்பெனில இன்னும் கீழ் தளத்துல அடைச்சு வெச்சிருக்காங்க. இதுக்குள்ள உள்ள இருக்குற மார்க்குக்கு கூட வேலை பாக்குற ஹெல்லி மேல காதல் வந்துடுச்சு. அந்த ஹெல்லியோட வெளியாளு யாருன்னா அந்தக் கம்பெனி மொதலாளியோட பொண்ணு ஹெலீனா. இவ்ளோதான், மீதி எல்லாம் ஆடு.

(ஆபீஸ்ல போய் நேத்து பூரா செவரன்ஸ் பத்தியே யோசிச்சிட்டு இருந்தேன்னு வாய விட்டுட்டேன், பக்கத்து சீட்டு பையன் மூஞ்சி வெளுத்துடுச்சு, அவனுக்கு அந்த வார்த்தைன்னா வேலைய விட்டுத் தூக்குறப்போ குடுக்குற செட்டில்மென்ட் மட்டும்தான்.)

சரி, கடைசில என்ன ஆச்சு?

எபிசோட் பேரு கோல்டு ஹார்பர், 2025 மார்ச் 21, வெள்ளிக்கிழமை. கிட்டத்தட்ட ஒண்ணேகால் மணி நேரம். முன்னாடி ஆபீஸ்ல மார்க்குக்கு பாஸா இருந்த கோபெல்ங்குற அம்மா உள்ள மார்க்குகிட்ட விஷயத்த சொல்லிடுறா: நீ இத்தன நாளா ஸ்க்ரீன்ல பொறுக்கிப் போட்ட நம்பரெல்லாம் ஜெம்மாதான், ஒவ்வொரு ஃபைல் முடிக்கிறப்பவும் அவ மண்டைக்குள்ள புதுசா ஒரு ஆள் உருவாகுறா, கடைசி ஃபைல் கோல்டு ஹார்பர், அது முடிஞ்சா அவள முடிச்சிடுவாங்க. மார்க் ஃபைல முடிக்கிறான், ஹெல்லியும் கூட வேலை பாக்குற டிலனும் சேர்ந்து மேனேஜர் மில்சிக்க பாத்ரூம்ல போட்டு மூடி, தீனி மெஷின கதவுக்கு முட்டுக் குடுத்து புடிச்சு வெக்குறாங்க, அந்த கேப்புல இவன் கருப்பு காரிடார் வழியா கீழ போய் ஜெம்மாவ கூட்டிட்டு வந்துடுறான். எக்ஸிட் கதவத் தாண்டி அவள வெளிய அனுப்புறான். அவ படிக்கட்டுல நின்னு வா வான்னு கதறுறா. இந்தப் பக்கம் காரிடார் கடைசில ஹெல்லி வந்து நிக்குறா. அவன் ரெண்டு பக்கமும் பாத்துட்டு, திரும்பி ஹெல்லிகிட்ட போய் கையப் புடிச்சிட்டு ஓடுறான். செவப்பு லைட்டு, மெல் டார்மே பாடின பழைய விண்ட்மில்ஸ் பாட்டு, ஃப்ரேம் அப்டியே நின்னுடுது.

நம்ம பழைய படத்துல இப்டி நின்னா மேல வணக்கம்னு கார்டு வரும், எழுந்து செருப்பு தேடலாம். இங்க ஒண்ணும் வரல.

நீ எப்போ பாத்த, அழுதியா?

அன்னிக்கி காலைல ஏழு மணிக்கு, அம்மா கூட. அழுதேன்னு சொல்றத விட கத்தினேன்னு சொல்லணும், கீழ் வீட்டு ஆன்ட்டி காலிங் பெல் அடிச்சு என்னாச்சும்மான்னு கேட்டாங்க. அப்புறம் குளிச்சு, வேளச்சேரில ஷேர் ஆட்டோ புடிச்சு சோழிங்கநல்லூர் போய், கழுத்துல டேக மாட்டிக்கிட்டு, லிஃப்ட்ல ஏறி கதவு மூடினதும் டிங்னு ஒரு சத்தம் கேட்டுச்சு பாருங்க, அந்த லிஃப்ட்ல நாலு வருஷமா போயிட்டு வரேன், அன்னிக்கிதான் காதுல விழுந்துச்சு. டெஸ்டிங்ல இருக்கேன் நான், நாள் பூரா ஒரு ஸ்க்ரீன்ல இது பாஸ் இது ஃபெயில்னு பிரிச்சுப் போடுற வேலை, அதுல யாரு பொண்டாட்டி இருக்காளோ.

அந்த மார்க் பண்ணது துரோகம் இல்லையா?

இதுதான் நம்பர் ஒன் கேள்வி, இதுக்காகத்தான் மெனக்கெட்டு எழுதவே உக்காந்தேன். எங்கம்மா அன்னிக்கே தீர்ப்பு சொல்லிட்டாங்க: "கட்டினவ கதவுக்கு அந்தாண்ட நின்னு தொண்ட கிழிய கத்துறா, இவன் எவ கையையோ புடிச்சிட்டு ஓடுறான், இதுல பாட்டு வேற." அக்காவும் அதேதான். ஆபீஸ்ல பத்துல எட்டு பேர் அதேதான். மொத ரெண்டு நாள் நானும் அதேதான்.

சனிக்கிழமை ராத்திரி அந்த கேம்கார்டர் சீன மட்டும் திருப்பிப் போட்டுப் பாத்தேன், அப்பதான் கட்சி மாறினேன். கடைசி எபிசோட்ல ஒரு கேபின் வரும், அதுக்குள்ள நுழைஞ்சா உள்ள மார்க், வெளிய பால்கனிக்கு வந்தா வெளிய மார்க். ரெண்டு பேரும் நேருக்கு நேர் பேச முடியாது, அதனால ஒருத்தன் வீடியோல பேசி வெச்சுட்டு கதவத் தாண்டுவான், இன்னொருத்தன் அத பாத்துட்டு பதில் பேசி வெப்பான். மொதல்ல வெளியாளு ரொம்ப தன்மையா ஆரம்பிக்கிறான். உன்ன இப்டி ஒரு வாழ்க்கைக்குள்ள போட்டதுக்கு மன்னிச்சிடு, என் பொண்டாட்டிய காப்பாத்திக் குடு, அப்புறம் நாம ரெண்டு பேரும் ஒண்ணா கலந்துடலாம், யாரும் சாக வேண்டாம்ங்குறான். உள்ளாளு ஒரே ஒரு சந்தேகம் கேக்குறான். நீ இத்தன வருஷம் வாழ்ந்தவன், நான் ரெண்டு வருஷம்தான், கலந்தா அதுல நான் எவ்ளோ மிச்சம் இருப்பேன்? அதுக்கு அந்தாளுகிட்ட நேரா ஒரு பதில் இல்ல. நீ லவ் பண்ற பொண்ணையும் நான் புரிஞ்சுக்குறேன்னு சொல்ல வந்தவன் ஹெல்லி பேரையே ஹெலனின்னு மாத்திச் சொல்லிடுறான். முடிஞ்சுது. அப்ரைசல் மீட்டிங்ல ரெண்டு நிமிஷம் நம்மள ஆஹா ஓஹோன்னு புகழ்ந்துட்டு மூணாவது நிமிஷம் நம்ம பேர தப்பா சொல்ற மேனேஜர பாத்தவங்களுக்கு அந்தக் கோவம் புரியும்.

எங்க குலதெய்வம் கோயில் மதுராந்தகம் பக்கம். அங்க கெடா வெட்டுறதுக்கு முன்னாடி ஆட்டு மேல மஞ்சத்தண்ணி தெளிச்சுட்டு எல்லாரும் சுத்தி நிப்பாங்க. அது ஒடம்ப சிலுப்பினாத்தான் உத்தரவு கெடச்சுதுன்னு அர்த்தம். சிலுப்பலன்னா இன்னொரு சொம்பு தண்ணி ஊத்துவாங்க. அதுவும் ஆகலன்னா இன்னொரு சொம்பு. வேண்டாம்னு சொல்றதுக்கு ஆட்டுக்கு வழியே இல்ல, எப்ப சரிங்குதுன்னு மட்டும்தான் கணக்கு. வெளிய மார்க் அந்த வீடியோல பண்றது அதுதான், கேசட் மாத்தி கேசட் தண்ணி ஊத்துறான். அவன் கெட்டவன்னு சொல்ல வரல, பொண்டாட்டிய பறி குடுத்தவன், அவனுக்கு வேற வழி தெரியல. ஆனா எதிர்ல நிக்குறவனுக்கும் ஒரு உசுரு இருக்குங்குறது அவன் மனசுல ஏறவே இல்ல.

அப்டி இருந்தும் உள்ளாளு என்ன பண்ணான்? போனான், அடி வாங்கினான், ரத்தம் சொட்டச் சொட்ட தன்னோட பொண்டாட்டிய இல்ல, வெளியாளோட பொண்டாட்டிய, கதவு வரைக்கும் கொண்டு வந்து விட்டான். கேட்ட வேலைய முடிச்சுக் குடுத்தான். அதுக்கு மேல கதவத் தாண்டுன்னு சொன்னா செத்துப் போன்னு அர்த்தம், ஏன்னா வெளிய போன மார்க் மறுபடி அந்த லிஃப்ட்ல ஏறவே மாட்டான். தியாகி ஆகலங்குறதுக்காக ஒருத்தன துரோகின்னு சொல்றது எந்த ஊரு நியாயம்?

அப்போ ஜெம்மா?

இங்கதான் எனக்கும் வயிறு எரியுது. ஏழாவது எபிசோட், சிக்காய் பார்டோ, அது ஒண்ணுதான் அவளுக்குன்னே குடுத்த எபிசோட், எடுத்தவங்க இந்த சீரியலோட கேமரா உமன் ஜெசிக்கா லீ கான்யே, டைரக்டரா அவங்க கைல அவ்ளோ அழகு. கீழ் தளத்துல ரூம் ரூமா இருக்கும், ஒவ்வொரு ரூமுக்குள்ளயும் போனா அவ வேற ஆள். ஒருத்திக்கு வாழ்க்கை பூரா பல் டாக்டர் நாற்காலி மட்டும்தான். ஒருத்தி ஆடி ஒலையிற ஃப்ளைட்லயே பொறந்து ஃப்ளைட்லயே இருக்கா. கோல்டு ஹார்பர் ரூம்ல ஒரு குழந்தை தொட்டில வெச்சு, ஒவ்வொரு ஸ்க்ரூவா கழட்டச் சொல்றாங்க. அவங்களுக்குக் கொழந்தை தங்காமப் போனப்போ வீட்ல மார்க் கழட்டிப் போட்ட அதே தொட்டில். உள்ள போனவளுக்கு வலியே தெரியல, அதுதான் டெஸ்ட், பாஸ்னு மேல உக்காந்து சந்தோஷப்படுறாங்க. எங்க வீட்ல அக்காவுக்கு ரெண்டு தடவ அப்டி ஆச்சு, அதனால அந்த சீன்ல அம்மா எழுந்து கிச்சனுக்குப் போயிட்டாங்க, குக்கர் கூட வெக்கல அன்னிக்கி.

இவ்ளோ பட்டவ கடைசில படிக்கட்டுல தனியா நின்னு கத்துறதோட விட்டுட்டீங்களேன்னு எழுதின டான் எரிக்சன் மேலயும் டைரக்ட் பண்ண பென் ஸ்டில்லர் மேலயும் எனக்குக் கோவம் இருக்கு. உள்ள மார்க் மேல இல்ல.

ஆடு எதுக்கு?

சீசன் 1ல ஒரு ரூம் நெறைய ஆட்டுக்குட்டிய காட்டிட்டு மூணு வருஷம் மண்டைய பிச்சுக்க வெச்சாங்க. இப்பதான் பதில் சொல்றாங்க: ஜெம்மாவ கொன்னு பொதைக்கிறப்போ அவ ஆவிய கூட்டிட்டுப் போக ஒரு ஆடும் கூடவே போகணுமாம். டிரம்மண்டுனு அந்த மலை மாதிரி ஆளு ஆட்டுக்காரம்மாகிட்ட, இதுக்குத் துடிப்பு இருக்கா, சாமர்த்தியம் இருக்கான்னு பூசாரி மாதிரி கேக்குறான். சிப்பு, லேபு, கம்ப்யூட்டர்னு இருக்குற கம்பெனி கடைசில வந்து நிக்குற எடம் நம்ம கெடா வெட்டு. எங்கம்மாவுக்கு ஒடனே புரிஞ்சுடுச்சு, எனக்குத்தான் புரியல. ஆட்டுக்காரம்மாவா வர்றது க்வெண்டலின் கிறிஸ்டி, அவங்க அந்த ஆட்டக் கொல்ல மாட்டேன்னு திரும்புறது இருக்கே, விசில் அடிச்சேன். ஆடு பொழச்சுது, பேரு எமீல்.

லிஃப்ட்ல துப்பாக்கி வெடிச்சது லாஜிக் இடிக்குதே?

இடிக்கல. ஆடு கொல்ற துப்பாக்கிய டிரம்மண்டு கழுத்துல வெச்சு மெரட்டிக் கூட்டிட்டுப் போறது உள்ள மார்க். லிஃப்ட் எறங்குறப்போ ஆள் மாறுது, மாறுற அந்த ஒரு நொடி ஒடம்பு வெட்டி இழுக்குது, வெரல் அழுந்திடுது. வெளிய மார்க் கண்ண முழிக்கிறப்போ மூஞ்சி பூரா ரத்தம், எதுக்குன்னே தெரியாது. நாங்க சிரிச்சுட்டோம், சிரிச்சதுக்கு வெக்கப்பட்டோம். ஆனா அதே ரத்தத்த வெச்சே கோல்டு ஹார்பர் கதவு பூட்டு தொறக்குதுன்னு காட்டினது எனக்கு கொஞ்சம் சவுகரியத்துக்கு எழுதின மாதிரி பட்டுச்சு.

மில்சிக் டான்ஸ்?

வேற லெவல். பேண்டு செட் உள்ள நுழையிற சீன்ல அவர் நடக்குற நடைய மட்டும் பத்து தடவ பாத்துட்டேன். டிராமெல் டில்மேன் இதுக்கு 2025 எம்மி வாங்கினாரு, ஹெல்லியா பண்ண பிரிட் லோயரும் வாங்கினாங்க. ரெண்டுமே நியாயமான அவார்டு, அவ்ளோதான்.

இந்த மாதிரி நெஜமா பண்ண முடியுமா?

ஸ்விட்ச் போட்ட மாதிரி ஆள மாத்துறது கதைல மட்டும்தான். ஆனா ஞாபகத்த வெட்டி எடுத்த கதை நெஜத்துல நடந்திருக்கு. 1953ல அமெரிக்கால ஹென்றி மொலைசன்னு ஒருத்தருக்கு வலிப்பு நிக்கணும்னு மூளைல ரெண்டு பக்கமும் ஹிப்போகேம்பஸ்ங்குற பகுதில பெரும்பங்க எடுத்துட்டாங்க. வலிப்பு கொறஞ்சுது, ஆனா அதுக்கப்புறம் புதுசா எதுவுமே பதியல, இப்ப பேசிட்டுப் போன டாக்டர் திரும்பி வந்தா புது ஆளு. இதுல ஆச்சரியம் என்னன்னா, அவரக் கண்ணாடில பாத்து படம் வரையச் சொல்லிப் பழக்கினாங்க, நாளுக்கு நாள் கை நல்லா ஓடுச்சு, ஆனா ஒவ்வொரு நாளும் இத இப்பதான் மொத தடவ பண்றேன்னு சொல்லுவாராம். கைக்குத் தெரிஞ்சது ஆளுக்குத் தெரியல.

சீசன் 1ல உள்ள மார்க் களிமண்ல ஒரு மரம் பண்ணுவான் ஞாபகம் இருக்கா, ஜெம்மா கார் மோதின எடத்து மரம், ஏன் பண்றோம்னே தெரியாம. எதிர்லயே அவ மிஸ் கேசின்ற பேர்ல உக்காந்திருப்பா. அந்த சீன் எனக்கு இந்த சீசன் 2 ஓட்டத்த விட பெருசு.

ஏன் இவ்ளோ எமோஷனல் ஆகுற, ஒரு சீரியல் தானே?

இத அக்கா கேட்டா. அவளுக்கு போன்ல சொல்லல, இங்க சொல்றேன்.

எங்கப்பா அம்பத்தூர் எஸ்டேட்ல லேத் ஆப்பரேட்டர், முப்பத்தோரு வருஷம். ஃபர்ஸ்ட் ஷிப்ட்டுன்னா விடிஞ்சும் விடியாம கெளம்பிடுவாரு, திரும்பி வந்தா குளியல், பேப்பர், செய்தி, தூக்கம். திட்டினதும் இல்ல கொஞ்சினதும் இல்ல, கேட்டதுக்கு பதில். அவர் அப்டித்தான்னு நாங்க நெனச்சிட்டோம். 2019ல அவர் போனப்போ கூட வேலை பாத்தவங்க ஒரு வேன் எடுத்துட்டு வந்தாங்க. அதுல ஒருத்தர் எங்கம்மாகிட்ட ஒரு ரெக்சின் பைய குடுத்தாரு, அவர் லாக்கர்ல இருந்ததும்மான்னு. உள்ள ஒரு மவுத் ஆர்கன். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வெச்சு முடிச்சதும் இவர்தான் வாசிப்பாராம், இவர் வாசிக்காம பொரி கடலை பங்கு போட மாட்டாங்களாம், ஷாப்ல இவர மாதிரி வாயாடி கிடையாதுன்னு சொல்லி அந்தப் பெரியவர் அழுதாரு. எங்கம்மா அந்தப் பைய மடில வெச்சுக்கிட்டு, யாரச் சொல்றீங்கன்னு கேட்டாங்க. நெஜமாவே கேட்டாங்க.

அவங்கள்லாம் யாரையோ பறி குடுத்துட்டு அழுறாங்க, நாங்க யாரையோ பறி குடுத்துட்டு உக்காந்திருந்தோம். எனக்கு அந்த மவுத் ஆர்கன் வாசிக்கிற ஆள தெரியவே தெரியாது. அவருக்கு எங்கள பிடிக்கலையா, இல்ல வீட்டுக்கு வர்றதுக்குள்ள தீந்து போயிட்டாரான்னு ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன். அதனால உள்ள இருக்குறவன் கணக்குல வரமாட்டான், வெளிய இருக்குறவனோட வாழ்க்கைதான் வாழ்க்கைன்னு யாராவது அசால்ட்டா சொன்னா எனக்கு சுருக்குனு இருக்கு.

இந்த ஐடியா அந்த ரைட்டருக்கு எப்டி வந்துச்சாம்?

கதவு பண்ற கம்பெனி ஒண்ணுல ஆபீஸ் வேலை பாத்திட்டு இருந்தாராம், ஒரு நாள் காலைல உள்ள போறப்போ, அடுத்த எட்டு மணி நேரத்த அப்டியே தாண்டி சாயங்காலத்துக்குப் போயிட்டா எப்டி இருக்கும்னு நெனச்சாராம். ஓஎம்ஆர்ல காலைல டிராஃபிக்ல நிக்குற ஒவ்வொருத்தரும் நெனக்கிறதுதான், எழுதினது அவரு. அந்த லூமன் கட்டடம் செட் இல்ல, நியூ ஜெர்சி ஹோம்டெல்ல இருக்குற பழைய பெல் லேப்ஸ், ஈரோ சாரினென் டிசைன் பண்ணது. நடுவுல பெரிய வெட்டவெளி, சுத்திக் கண்ணாடி. நம்ம சிறுசேரி பக்கம் கூட்டிட்டுப் போய் காட்டினா எந்த கம்பெனின்னுதான் கேப்பாங்க.

உனக்குப் பிடிக்காததே இல்லையா?

இருக்கு. மார்க் கூட வேலை பாத்த இர்விங், அவர் காதலிச்ச பர்ட், ரெண்டு பேரும் கடைசி எபிசோட்ல தலையே காட்டல, இர்விங்க ஒன்பதாவதுலயே ரயில் ஏத்தி அனுப்பிட்டாங்க. இர்விங்கா நடிக்க ஜான் டர்டூரோவ வெச்சுக்கிட்டு இப்டி பண்ணுவாங்களா. எட்டாவது எபிசோட் பூரா கோபெல் தன் சொந்த ஊருக்குப் போய் சுத்துறாங்க, அது மொக்கன்னு சொன்னா எனக்கு சண்டைக்கு வராதீங்க. அப்புறம் டிலன். உள்ள டிலன் வேலைய விடுறேன்னு எழுதிக் குடுத்ததுக்கு வெளிய டிலன் எழுதின பதில் லெட்டர ஒரு சின்ன சீன்ல முடிச்சுட்டாங்க, ஆனா யோசிச்சுப் பாருங்க, மார்க்கும் மார்க்கும் சண்ட போட்ட அதே எபிசோட்ல இந்த ஒருத்தன்தான் தன் உள்ளாள மரியாதையா நடத்துறான், கடுப்பா இருக்கு, ஆனா முடிவு உன்னோடதுன்னு விட்டுடுறான். தண்ணி தெளிக்கல.

அம்மா மறுபடி பாத்தாங்களா?

பாத்தாங்க, நான் ஆபீஸ்ல இருக்கப்போ, தனியா. என்ன தோணுச்சுன்னு கேட்டேன். "அவன் பாவம்தான். ஆனாலும் ஒரு வார்த்த சொல்லிட்டு ஓடியிருக்கலாம் அவகிட்ட." இதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

சீசன் 3 வருமா?

வரும், கடைசி எபிசோட் வந்த அன்னிக்கே அறிவிச்சுட்டாங்க. சீசன் 1 முடிஞ்சது 2022 ஏப்ரல், 2 ஆரம்பிச்சது 2025 ஜனவரி, நடுவுல 2023ல ரைட்டர்ஸும் ஆக்டர்ஸும் பண்ண ஸ்ட்ரைக் வேற. அதனால அவசரப்பட்டு நகத்த கடிக்காதீங்க.

நான் இன்னும் பாக்கவே ஆரம்பிக்கல, எவ்ளோ நேரம் ஆகும்?

இவ்ளோ தூரம் படிச்சிட்டு இத கேக்குறியா. சீசன் 1ல ஒம்பது, 2ல பத்து, மொத்தம் பத்தொம்பது எபிசோட், ரெண்டு வீக்கெண்டு. பாஸ்வேர்ட் தர மாட்டேன், வேணும்னா வீட்டுக்கு வா, அம்மா போண்டா போடுவாங்க, ஆனா நடுவுல யாரு நல்லவன்னு அவங்ககிட்ட கேட்டுடாத.